ஒரு துபாஷி போதுமா?

குன்றத்தூரைச் சுற்றி இன்று பல நாட்டு மொழிகளுக்கு வேலை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரியரின் கார் ஆலை. ஒரகடத்தில் 2012 முதல் ஜெர்மானியரின் லாரி ஆலை. இடையிடையே உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள். ஜெர்மன் மொழிக் குறிப்பொன்றைப் பெயர்த்துத் தர, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒருவரைப் பிடித்துவிடலாம். அவர் பெயர்த்தது சரிதானா என்பதை எவ்வாறு அறிவது? மொழி தெரியாததால்தானே அவரைத் தேடினோம்! இக்கேள்வி நமக்குப் புதிதன்று.

மதீனாவில் யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டபோது, அதனைப் பிறர் கையில் ஒப்படைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இளையவரான ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களை அழைத்து, யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்ததாக ஜைது (ரலி) அவர்களே அறிவிப்பது திர்மிதியில் பதிவாகியுள்ளது. (அரை மாதத்தில் நம் மாணவர் ஒரு ஸர்ஃபு வாய்பாட்டை ஒப்பித்தாலே நாம் மகிழ்ந்து போகிறோம்.)

வேற்று மொழியினர் காஜியின் முன் நிற்கையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமா? இமாம் புகாரி (ரஹ்) இதற்கெனத் தனிப் பாடமே அமைத்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒருவர் போதும் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதனைச் சாட்சியமாகக் கருதி, இருவர் வேண்டும் என்றார்கள். பட்டறைக்காரர் எந்த மத்ஹபினராயினும், இரும்பை அறுக்குமுன் இரண்டாம் கண்ணுக்குக் காட்டுவது நஷ்டத்தைத் தவிர்க்கும்.

நம் பகுதியின் வரலாற்றிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. 1779 இல் ஹைதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறியச் சென்னைக் கம்பெனியார் ஆள் தேடினர். கோட்டையில் துபாஷிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவர்கள் தேர்ந்தது, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரை. தமிழும் இந்துஸ்தானியும் அறிந்தவர்; அதனினும் மேலாக, பொய் சொல்லமாட்டார் என ஹைதரே மதித்தவர். ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று நேரில் உரையாடினார். ஹைதர் தூதரை நம்பினார், அனுப்பியவர்களை நம்பவில்லை. 1769 ஒப்பந்தத்தில் உதவி வாக்களித்த ஆங்கிலேயர், மராத்தியர் படையெடுத்தபோது கைவிட்டார்கள் என்பது அவர் குறை. அக்குறையில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஹைதர் தந்த வழிச்செலவுப் பணத்தை ஷ்வார்ட்ஸ் கம்பெனியிடமே கொடுத்தார். அவர்கள் ஏற்காததால் தஞ்சை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஆக்கினார்.

மறு ஆண்டே ஹைதரின் படை ஆற்காட்டுச் சீமையில் இறங்கியது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சிதறியது, அவர் கைதியானார். அந்தப் போர்க்காலத்திலும், பாதிரியாரை எவரும் தடுக்கலாகாது எனத் தம் படைத்தலைவர்களுக்கு ஹைதர் ஆணையிட்டிருந்தார்.