எயர் நெடுஞ்சாலை

எயர் நெடுஞ்சாலை என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் நகரையும் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா நகரையும் இணைக்கும் சாலையாகும். இதன் நீளம் சுமார் 1,660 கிலோமீட்டர். பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் இடையிலான தரைவழிப் போக்குவரத்தின் முதன்மைப் பாதை இதுவே. சரக்குந்துகள் தவிர, நண்பர்களாகவோ குடும்பமாகவோ மகிழுந்தில் கண்டத்தைக் கடப்போரும் இச்சாலையைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

பெயர்

1841 ஆம் ஆண்டில் இக்கடற்கரை வழியாக மேற்கு நோக்கிப் பயணம் செய்த எட்வர்ட் ஜான் எயர் என்பவரின் பெயர் இச்சாலைக்கு இடப்பட்டது. அவருடன் ஜான் பாக்ஸ்டர் என்பவரும் பழங்குடியினர் மூவரும் சென்றனர். 1841 ஏப்ரல் 29 இரவில் பழங்குடியினர் இருவர் பாக்ஸ்டரைக் கொன்று, உணவுப் பொருட்களுடன் அகன்றனர். எஞ்சிய எயரும் வைலி என்ற பழங்குடி இளைஞரும் மட்டுமே பயணத்தைத் தொடர்ந்தனர். வழியில் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பலின் உதவி கிடைத்தது. அவ்வாண்டு சூலையில் இருவரும் அல்பனியை அடைந்தனர்.

வரலாறு

1877 இல் இப்பகுதி வழியாகத் தந்திக் கம்பி அமைக்கப்பட்டது. யூக்ளாவில் இருந்த தந்தி நிலையத்தின் சிதைவுகளை இன்று மணற்குன்றுகள் மூடி வருகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-42 இல், இச்சாலை அமைக்கப்பட்டது. நெடுங்காலம் இது மண் சாலையாகவே இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதி 1969 இலும், தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி 1976 இலும் முழுமையாகத் தார் இடப்பட்டன.

வழித்தடம்

இலத்தீன் மொழியில் "மரமற்றது" எனப் பொருள்படும் நல்லர்போர் சமவெளியின் தென் விளிம்பில் இச்சாலை செல்கிறது. எனினும், முற்றிலும் மரமற்ற பகுதி சாலையின் ஒரு சிறு பங்கே ஆகும். அச்சமவெளியின் நடுவே செல்வது 1917 இல் நிறைவுற்ற தொடருந்துப் பாதையாகும்.

பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. இது "தொண்ணூறு மைல் நேர்ச்சாலை" என அழைக்கப்படுகிறது. சில இடங்களில் சாலையே அகலப்படுத்தப்பட்டு, பறக்கும் மருத்துவர் சேவையின் வானூர்திகள் அவசர காலத்தில் இறங்கும் ஓடுபாதையாகக் குறிக்கப்பட்டுள்ளது.

எரிபொருளும் தங்குமிடமும்

நார்ஸ்மனுக்கும் செடூனாவுக்கும் இடையிலுள்ள சுமார் 1,200 கிலோமீட்டரில் நகரம் எதுவும் இல்லை. எரிபொருள், உணவு, தங்குமிடம் ஆகியவை சாலையோர நிலையங்களிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தோராயமான தொலைவுகள் சில:

- நார்ஸ்மன் – பல்லடோனியா: 190 கி.மீ.
- பல்லடோனியா – கைகுனா: 180 கி.மீ.
- கைகுனா – காக்கிள்பிடி: 65 கி.மீ.
- காக்கிள்பிடி – மடூரா: 90 கி.மீ.
- மடூரா – முண்ட்ராபில்லா: 115 கி.மீ.
- முண்ட்ராபில்லா – யூக்ளா: 65 கி.மீ.

இவற்றின் கூட்டுத்தொகையான ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஒரு நீண்ட பகற்பயணத்துக்கு உரிய தொலைவாகும். நிலப்பரப்பு சுண்ணாம்புக் கல்லால் ஆனதால் மழைநீர் மேற்பரப்பில் தங்குவதில்லை. எனவே, குடிநீரைப் பயணிகள் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

நேரமும் எல்லையும்

கைகுனாவுக்குக் கிழக்கிலிருந்து மாநில எல்லை வரையுள்ள குடியிருப்புகள், மேற்கு ஆஸ்திரேலிய நேரத்தைவிட 45 நிமிடம் முந்திய ஒரு நேரத்தைப் பின்பற்றுகின்றன. இது அதிகாரப்பூர்வமானதன்று. எல்லையைக் கடந்ததும் மேலும் 45 நிமிடம் கூடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ள மாதங்களில் இன்னும் ஒரு மணி நேரம் சேரும். கிழக்கு நோக்கிச் செல்வோர் இதைக் கணக்கிடத் தவறினால், நிலையங்கள் மூடிய பின்னரே அங்குச் சென்றடைய நேரிடும்.

பயிர் நோய்களும் பூச்சிகளும் பரவாமல் தடுப்பதற்காக, மேற்கே செல்லும் வண்டிகள் எல்லையிலும் கிழக்கே செல்பவை செடூனாவிலும் சோதிக்கப்படுகின்றன. பழங்கள், காய்கறிகள், தேன் போன்றவை இங்குக் கட்டுப்படுத்தப்படுகின்றன.

இடர்கள்

இச்சாலையின் முதன்மையான இடர் களைப்பே ஆகும். வளைவும் ஏற்றமும் இல்லாத சாலையில் ஓட்டுநரின் கவனம் எளிதில் தளர்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. குழுவாகச் செல்வோர் ஓட்டுநரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், மாற்று ஓட்டுநரும் முன்னதாக உறங்கியிருந்தால்தான் அதனால் பயன் உண்டு.

கங்காரு, வொம்பட், ஒட்டகம் ஆகியவை அந்தியிலும் இரவிலும் விடியலிலும் சாலையைக் கடக்கின்றன. காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவோருக்கு வெயில் நேராகக் கண்ணில் படும். இணைப்பு வண்டிகளைக் கொண்ட மிக நீண்ட சரக்குந்துகளை முந்துவதற்கு, எதிரே நெடுந்தொலைவு வெறுமையாக இருக்க வேண்டும். 2019 டிசம்பர் இறுதியில் காட்டுத்தீ காரணமாக மேற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் சாலை மூடப்பட்டு, 2020 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவரை பயணிகள் வழியிலேயே காத்திருக்க நேர்ந்தது.

காணத்தக்கவை

எல்லைக்குக் கிழக்கே, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பண்டா பாறைகளைச் சாலைக்கு அருகிலிருந்தே காணலாம். அதற்கும் கிழக்கே உள்ள வளைகுடா முகப்பில், குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் கன்று ஈன வருகின்றன. 2009 இல் திறக்கப்பட்ட நல்லர்போர் குழிப்பந்தாட்டத் திடலின் 18 குழிகள், செடூனாவுக்கும் கல்கூர்லிக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் பரவியுள்ளன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஆடுவதால், பயணிகளுக்கு இயல்பாகவே ஓய்வும் கிடைக்கிறது.