கடல் கொண்ட நிலமும் கடல் தந்த நிலமும்

முப்பது வருடங்களுக்கு முன்னர் என் மகள் கேட்ட கேள்வியைச் சென்ற மாதம் அவளுடைய மகள் என்னிடம் கேட்டாள். "அம்மப்பா, முதல் மனிசர் எங்கை பிறந்தவை?" ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் ஆபிரிக்கா என்று படிப்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் குமரிக்கண்டம் என்று படிப்பித்திருக்கிறார்கள். அன்று மகளுக்கு நான் சொன்ன மறுமொழி இன்றும் நினைவிருக்கிறது. "அங்கை கேட்டால் அதை எழுது, இங்கை கேட்டால் இதை எழுது." இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கடைக்காரனின் புத்தி அது. வேலை முடிந்து வந்த களைப்பு ஒரு காரணம். உண்மையைச் சொன்னால் பிள்ளை தமிழ் வகுப்புக்கே போகமாட்டேன் என்றுவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். பேத்திக்கும் அதையே சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் புவிச்சரிதவியலாளன் அல்ல. பிராங்பேர்ட்டுக்கு அண்மையில் வாழும், வாசிப்பில் விருப்பமுள்ள ஓர் அகதி. எம்மவர் மத்தியில் குமரிக்கண்டத்தை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சிரித்தவர்களில் ஒருவன். ஆனால் ஏன் சிரிக்கிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. அந்தக் கண்டம் ஒரு காலத்தில் மதிப்புக்குரிய விஞ்ஞானக் கருதுகோளாக இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. அதைப் பிறப்பித்தவை விலங்குகளும் பாறைகளும். அதைக் கைவிட வைத்தவையும் அவைதான்.

*

1864 இல், லண்டன் விலங்கியற் சங்கத்தின் செயலாளராக இருந்த பிலிப் ஸ்கிளேற்றர் மடகஸ்காரின் பாலூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரைக் குழப்பியது லெமூர் என்னும் விலங்கு. மடகஸ்காரில் லெமூர்கள் நிறைந்திருக்கின்றன. அருகிலிருக்கும் ஆபிரிக்காவில் அவற்றின் உறவினங்கள் சிலவே. ஆனால் சமுத்திரத்துக்கு அப்பால், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், ஓர் உறவினம் இரவில் பெரிய கண்களை விழித்துக்கொண்டு மரமேறுகிறது. எங்கள் தேவாங்குதான் அது. இந்தச் சிறு பிராணி எப்படிக் கடல் கடந்தது? இடையில் ஒரு நிலம் இருந்து பின்னர் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஸ்கிளேற்றர் கருதினார். அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார்.

இது அன்று விசித்திரமான கருத்தல்ல. கண்டங்கள் மேலெழலாம், கீழிறங்கலாம், ஆனால் பக்கவாட்டில் நகரமாட்டா என்பதே அக்கால விஞ்ஞானத்தின் நிலைப்பாடு. மலைகளில் கடற்சிப்பிகள் கிடைத்தன. கடலடி மலையாகலாம் என்றால் நிலம் ஏன் கடலடியாகக் கூடாது? 1868 இல் ஜேனா பல்கலைக்கழகத்தின் ஏர்னஸ்ற் ஹெக்கல் இன்னும் ஒரு படி மேலே சென்று, மனிதகுலத்தின் தொட்டிலே லெமூரியாவாக இருக்கலாம் என்றார். அதற்கு அவரிடம் ஓர் எலும்புத் துண்டுகூட இருக்கவில்லை. எலும்பு கிடைக்காத பழியைக் கடல்மேல் போடவும் இந்தக் கருதுகோள் வசதியாக இருந்தது. ஆதாரம் இல்லாமையையே ஆதாரமாக்கும் இந்த வழியை நாம் பின்னாளில் நன்றாகப் பழகிக்கொண்டோம்.

விலங்குகள் எழுப்பிய கேள்வியைப் பாறைகள் இன்னும் பெரிதாக்கின. பாறைப் படைகளை வாசிப்பதற்கு அடிப்படை விதி எளிது. குழப்பப்படாத இடத்தில் கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது. கால்வாய் வெட்டும் வேலைகளில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித் அதற்கு மேலும் ஒன்றைக் கண்டார். ஒவ்வொரு படைக்கும் அதற்கேயுரிய உயிர்ச்சுவடுகள் உண்டு, அவை இடத்துக்கிடம் ஒரே ஒழுங்கில் வருகின்றன. 1815 இல் அவர் வெளியிட்ட இங்கிலாந்தின் பாறைப் படம் இந்த அறிவில் எழுந்தது. ஆகவே ஒன்றுக்கொன்று ஆயிரம் மைல் தூரத்திலுள்ள இரு பாறைகள் ஒரே காலத்தவையா என்பதை அவற்றினுள் கிடக்கும் இலையையோ சிப்பியையோ கொண்டு சொல்லலாம்.

வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படைகளில் நாக்குப் போன்ற ஓர் இலையின் பதிவுகள் நிறைந்திருக்கின்றன. 1828 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடோல்ஃப் புரோங்னியார் அதற்குக் குளொசொப்ரெரிஸ் என்று பெயரிட்டார். 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பேர்மியன் காலத்துத் தாவரம் அது. அதே இலை தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்தது. 1885 இல் வியன்னாவின் எடுவார்ட் சூஸ் இத்தகைய தென்னிலங்களை ஒரே பெருநிலமாகக் கருதி, மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டை ஒட்டிக் கொண்டுவானா என்ற பெயரைப் பரப்பினார். இடைப்பட்ட பகுதிகள் மூழ்கிவிட்டன என்றே அவரும் நினைத்தார்.

*

இந்த நினைப்பை உடைத்த முதல் அடி நான் வாழும் பிரதேசத்திலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு டைனோசர் எலும்புக்கூடு பார்க்கப் போவேனே, அதே பிராங்பேர்ட் செங்கன்பேர்க் நூதனசாலையில், 1912 ஜனவரி 6 அன்று, அல்பிரட் வேகனர் என்ற இளம் வானிலை ஆய்வாளர் உரையாற்றினார். நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே விலகிப்போயின என்றார். கிழிந்த பத்திரிகைத் துண்டுகளைப் பொருத்தும்போது விளிம்புகள் மட்டுமல்ல, அச்சு வரிகளும் தொடரவேண்டும். அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் பாறை வரிகளும் உயிர்ச்சுவடுகளும் அவ்வாறு தொடர்கின்றன என்பது அவருடைய வாதம். புவிச்சரிதவியலாளர்களில் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற அவர்களுடைய கேள்விக்கு அவரிடம் திருப்தியான விடை இருக்கவில்லை. 1930 இல் கிறீன்லாந்துப் பனியில் அவர் இறந்தார்.

அவர் பேசிய அதே ஜனவரியில் கப்டன் ஸ்கொட்டும் நான்கு தோழர்களும் தென்துருவத்தை அடைந்தனர். திரும்பும் வழியில், உணவும் உடல்வலுவும் குறைந்துகொண்டிருந்த நிலையில், பியட்மோர் பனியாற்றின் ஓரத்தில் சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகளைச் சேகரித்துச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்தார்கள். ஐவரில் எவரும் உயிரோடு மீளவில்லை. 1912 நவம்பரில் கூடாரத்தில் சடலங்களைக் கண்டவர்கள் அந்தக் கற்களையும் கண்டார்கள். 1914 இல் தாவரவியலாளர் அல்பேர்ட் செவார்ட் அவற்றை ஆராய்ந்தபோது கல்லில் பதிந்திருந்தது குளொசொப்ரெரிஸ். ராணிகஞ்ச் சுரங்கத்து இலை பனிக்கண்டத்திலும் இருந்திருக்கிறது. அன்ராட்டிக்கா ஒருகாலத்தில் காடாக இருந்ததற்கும், இந்தியாவோடு ஒரே நிலத்தைச் சேர்ந்ததற்கும் அது சாட்சி.

முடிவான தீர்ப்பை வழங்கியது சமுத்திரத்தின் அடி. 1963 இல் பிரெட் வைன், டிரமண்ட் மத்தியூஸ் ஆகிய இருவரும் கடலடிப் பாறைகளின் காந்தப்பதிவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலடி மலைத்தொடர்களின் நடுப்பிளவில் உருகிய பாறை மேலெழுந்து குளிர்கிறது. குளிரும்போது அக்கணத்துப் புவிக்காந்தத்தின் திசை அதில் பதிகிறது. புவிக்காந்தம் காலத்துக்குக் காலம் தலைகீழாவதால், பிளவின் இரு பக்கமும் மாறிமாறி வரிகள் உண்டாகின்றன. கடலடி நடுவில் பிறந்து இரு புறமும் விலகிச் செல்கிறது என்பதற்கு அந்த வரிகள் சான்று. அவர்கள் ஆதாரமாகக் கொண்ட அளவீடுகளில் முக்கியமானவை இந்துசமுத்திரத்தின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பேர்க் தொடரில் 1962 இல் எடுக்கப்பட்டவை. லெமூரியா மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அதே கடல்! அங்கே மூழ்கிய கண்டம் இல்லை. கண்டங்களைவிட மிக இளைய, புதிதாகப் பிறந்த எரிமலைப் பாறை இருந்தது. மேலும் கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல அது கனத்த பாறைமேல் மிதக்கிறது. கண்டம் ஒன்று முழுதாக அமிழ்ந்துபோவதற்கு வழியில்லை.

சரி, தேவாங்கு? கண்டப் பெயர்ச்சி அதற்கும் விடை என்று அவசரப்படக் கூடாது. மடகஸ்காரும் இந்தியாவும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய குரங்கின உயிர்ச்சுவடுகளோ சுமார் 5 கோடி 60 இலட்சம் ஆண்டுகள் பழையவை. நிலங்கள் பிரியும்போது பிரயாணிகளே பிறந்திருக்கவில்லை. விடை எகிப்தின் பாலைவனத்தில் கிடந்தது. அங்குள்ள பையூம் பகுதியில் தேவாங்கு வழியைச் சேர்ந்த, மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பற்களும் தாடைகளும் கிடைத்து 2003 இல் அறிவிக்கப்பட்டன. லெமூரின் மூதாதையர் ஆபிரிக்காவிலிருந்து வெள்ளத்தில் அள்ளுண்ட மரத்திரள்களில் மிதந்து மடகஸ்காருக்குப் போயினர், தேவாங்கின் மூதாதையர் நிலவழியாக ஆசியாவுக்கு வந்தனர் என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். ஸ்கிளேற்றரின் கேள்வி நல்ல கேள்வி. அவருடைய விடைதான் தவறு. அதை ஒத்துக்கொள்வதில் விஞ்ஞானத்துக்கு மானக்கேடு எதுவும் நேரவில்லை.

*

மானக்கேடு நேர்ந்துவிடும் என்று பயந்தவர்கள் நாங்கள்தான். ஐரோப்பாவில் லெமூரியா தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் நாம் அதைக் கையிலெடுத்தோம். இறையனார் அகப்பொருள் உரை கடல்கோள்களைக் கூறியது. சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் கடல் கொண்ட 49 நாடுகளையும் 700 காவதத்தையும் கூறினார். இவற்றோடு லெமூரியாவைப் பொருத்தியபோது குமரிக்கண்டம் விஞ்ஞான உடுப்புப் போட்டுக்கொண்டது. 1966 இல் தேவநேயப் பாவாணர் தமிழை உலகின் முதற்செம்மொழியாக நிறுவ எழுதிய ஆங்கில நூலில் அதுவே மனிதனின் தொட்டிலாயிற்று. அந்தக் காலத்தின் தேவையை நான் கொச்சைப்படுத்தமாட்டேன். சுமதி ராமசாமி 2004 இல் வெளியிட்ட நூலில் இழப்பின் அரசியலாக இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1986 இல் அகதி முகாமில் ஒரு பெரியவர் இரவு இந்தக் கதையைச் சொன்னபோது, அறையிலிருந்த பன்னிரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊரை இழந்தவனுக்குக் கண்டத்தை இழந்த கதை ஆறுதலாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆறுதல் வேறு, சான்று வேறு. மொரீசியஸ் தீவில் 2013 இலும் 2017 இலும் பழைய சிர்க்கோன் மணிகள் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தபோது, குமரிக்கண்டம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று எனக்கு எத்தனையோ செய்திகள் வந்தன. அந்த ஆய்வுகள் சொல்வது, மடகஸ்காரும் இந்தியாவும் பிரிந்தபோது கிழிந்து எரிமலைப் பாறைக்குக் கீழ் போன ஒரு கண்டத் துண்டைப் பற்றி. அது கோடிக்கணக்கான ஆண்டுகளின் கதை. எமது மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவில் கிடைத்தவை, வயது சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். அந்தத் துண்டு நிலமாக இருந்தபோது தமிழ் பேசவும் ஆளில்லை, சிங்களம் பேசவும் ஆளில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை தரையாக இருந்தது. பனி உருகியபோது கரையோர நிலங்கள் உண்மையாகவே கடலுக்குள் போயின. குமரி நிலத்தின் நீட்சி எவ்வளவு என்பதைப் புவிச்சரிதவியலாளர் சு.கி. ஜெயகரன் 2002 இல் தனி நூலாகவே எழுதினார். கடல்கோள் நினைவு இத்தகைய கரையோர இழப்புகளோடு தொடர்புடையதா என்பது நியாயமான கேள்வி. கண்டம் என்பது அப்படியல்ல.

*

இத்தனைக்கும் எங்கள் காலடியில் கிடந்த பாறையை நாங்கள் வாசிக்கவே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் காலச் சுண்ணக்கல்மேல் இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளை அண்டிய காலத்தில் அங்கே ஆழமற்ற வெப்பக்கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் முருகைகளும் அதன் அடியில் படிந்து கல்லாயின. ஈ.ஜே. வேலண்ட் 1923 இல் மோர்லி டேவிஸுடன் சேர்ந்து இதைப்பற்றி எழுதினார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அரைத்தது இந்தக் கல்லைத்தான். மழைநீர் இந்தக் கல்லைக் கரைத்துக் குடைந்த பொந்துகளில் தேங்குவதுதான் எமது கிணற்றுத் தண்ணீர். அடியே இல்லை என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்திய நிலாவரையும் அப்படி உண்டான பள்ளமே.

கடல் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலத்தைப் பற்றி நூற்றாண்டுக்கு மேலாகப் பேசுகிறோம். கடல் எங்களுக்குத் தந்த நிலத்தைப் பற்றி ஒரு பாடமும் எங்கள் வகுப்புகளில் இல்லை. நாம் உயிரைக் கொடுத்தும் உயிரை எடுத்தும் உரிமை கோரிய மண், பெயரில்லாத கோடானுகோடி உயிர்களின் ஓடு. இதனால் எமது உரிமை குறைந்துவிடாது. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன் திரும்பிப் போவதற்கு, தானே உலகின் முதல் மனிதன் என்று நிறுவத் தேவையில்லை. முதலில் வந்தவர் யார் என்று இலங்கையில் இரு தரப்பும் எலும்புகளை இழுக்கின்றன. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய எலும்பில் எந்த மொழியும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பேத்தியிடம் இம்முறை, "ஆபிரிக்காவிலை பிறந்தவை. எல்லாரும் அங்கையிருந்து நடந்து வந்தனாங்கள்" என்றேன். "அப்ப ரீச்சர் சொன்னது பொய்யோ?" என்றாள். பொய்யில்லை, ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே நம்பிய பிழை என்றேன். பிறகு, ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த, சிப்பி பதிந்த ஒரு சுண்ணக்கல் துண்டை அவளிடம் கொடுத்தேன். அதைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்புகளுக்கான பாடநூல்களை எழுதுகிறவர்கள் இந்த இதழை வாசிப்பவர்கள்தான். அவர்களுடைய பதிலை இங்கேயே எதிர்பார்க்கிறேன்.