சரக்குக் கால்வாயில் உலாப் படகு

இங்கிலாந்தின் வரைபடத்திலிருந்து இருப்புப்பாதைகளையும் நெடுஞ்சாலைகளையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்நாட்டின் நடுப்பகுதி எங்கும் நீலக் கோடுகள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அவற்றுட் பல ஆறுகள் அல்ல. மனிதர் மண்வெட்டி கொண்டு வெட்டிய கால்வாய்கள். நிலக்கரிக்காகவும் களிமண்ணுக்காகவும் வெட்டப்பட்ட அவற்றில் இன்று மக்கள் தத்தம் சொந்தப் படகுகளில், மணிக்கு நான்கு மைலுக்கு மேற்படாத வேகத்தில் உலாவி வருகின்றனர். சரக்கு வழி உலா வழியான வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

பிரிட்ஜ்வாட்டர் கோமகன் என்பவர் தம் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டு செல்ல ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1761இல் அதன் முதற்பகுதி திறக்கப்பட்டது. நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதனை வகுத்தவருள் முதன்மையான ஜேம்ஸ் பிரிண்ட்லி பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத ஓர் இயந்திரத் தச்சர். அவர் அடுத்து மேற்கொண்ட ட்ரெண்ட்–மெர்ஸி கால்வாய், அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1777இல் முற்றுப்பெற்றது. அதில் ஒன்றரை மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம் ஒன்று உண்டு. உள்ளே குதிரை நடக்க வழியில்லை. ஆதலின் குதிரையை மலைமேல் நடத்திச் செல்வர். படகோட்டிகளோ மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை இருளுக்குள் நகர்த்துவர். செலவையும் நீரையும் மிச்சப்படுத்தவே அக்கால்வாயின் பெரும்பகுதியில் நீர்ப்பூட்டின் அகலம் ஏழடியாக அமைந்தது. எழுபதடி நீளமும் ஏழடிக்குச் சற்றே குறைந்த அகலமும் உடைய குறும்படகு அதனாற் பிறந்ததே.

நீர்ப்பூட்டு என்றேன். 'லாக்' என்று சொன்னால் சிலருக்கு எளிதில் விளங்கும். வகுப்பில் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது எனக்கு விருப்பமான வேலை. மேட்டுக் கால்வாய்க்கும் பள்ளத்துக் கால்வாய்க்கும் இடையே கல்லாற் கட்டிய ஒரு தொட்டி. இரு முனையிலும் கதவு. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலே உள்ள சிறு மதகைத் திறப்பர். நீர் நிறைய நிறையப் படகும் உயரும். இரு மட்டமும் ஒன்றானபின் மேற்கதவு தானே இளகிக் கொடுக்கும். அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினும் அசையாது, நீரின் பாரமே அதற்குத் தாழ்ப்பாள். ஒரு முறை நிரப்ப ஏறத்தாழ 25,000 காலன் நீர் வேண்டும். டார்டிபிக் என்னும் ஊரில் இத்தகைய பூட்டுகள் முப்பது, படிக்கட்டுப் போல் வரிசையாக நிற்கின்றன.

இரயில் வந்தது, கால்வாயின் வாழ்வு தளர்ந்தது. போட்டியில் கூலி குறையவே, கரையில் வாடகை கொடுக்க இயலாத படகோட்டி மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டான். பத்தடி நீளத்துக்கு மேற்படாத அறையில் ஒரு குடும்பம் சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது. இன்று கண்காட்சிகளில் வியந்து பார்க்கப்படும் ரோஜாப் பூ ஓவியங்களும் கோட்டை ஓவியங்களும் அந்த அறைகளை அழகு செய்தவையே. ஆனால் அங்கிருந்த பிள்ளைகளுக்கு எழுத்து இல்லை. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாது போராடியதன் பயனாக 1877இலும் 1884இலும் சட்டங்கள் வந்தன. படகு பதிவாகும் ஊரிலேயே பிள்ளை பள்ளிக்குரியவன் என்றது சட்டம். படகோ இன்று ஓர் ஊர், நாளை வேறூர். பதிவேட்டில் பெயர் இருந்தும் பலகையில் பிள்ளை இல்லாத நிலையை ஆசிரியத் தொழில் செய்தவர் யாவரும் அறிவர்.

1939ஆம் ஆண்டு ஜூலையில், டாம் ரோல்ட் என்னும் இளம் பொறியாளர் புதுமனைவியுடன் பான்பரி நகரிலிருந்து 'கிரெஸி' என்ற பழஞ் சரக்குப் படகில் புறப்பட்டார். படகே அவருக்கு வீடு. ஏறத்தாழ 400 மைல் சுற்றினார். வழியிலேயே போர் மூண்டது. அப்பயணத்தை அவர் எழுதிய நூலைப் பதிப்பாளர் சிலர் மறுத்தனர். அது 1944 டிசம்பரில் 'நேரோ போட்' என்ற பெயரால் வெளிவந்தபோது, போரால் களைத்த மக்கள் விரும்பிப் படித்தனர். அவர்களுள் ஒருவர் ராபர்ட் எய்க்மன். இருவரும் 1945இல் டார்டிபிக்கில் சந்தித்தனர். மறு ஆண்டே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது.

அவர்களுடைய ஆயுதம் ஒரு பழைய உரிமை. கால்வாய்களை அமைத்த பாராளுமன்றச் சட்டங்கள், சுங்கம் செலுத்துவோர் எவரும் படகு செலுத்தலாம் என்றிருந்தன. இரயில்வே கம்பெனிகள் பல கால்வாய்களை விலைக்கு வாங்கிப் பாழாக விட்டிருந்தும் அவ்வுரிமை மாளவில்லை. பர்மிங்காமுக்கு அருகே ஸ்ட்ராட்போர்டு கால்வாயில், தூக்குப் பாலம் இருந்த இடத்தில் தாழ்ந்த நிலைப்பாலம் ஒன்றைப் போட்டு வழியை அடைத்திருந்தனர். பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்தது. முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலம் உயர்த்தப்படும் என்று விடை வந்தது. சங்கத்தார் உடனே அறிவிப்புக் கொடுத்தனர்! 1947 மே மாதத்தில், பத்திரிகையாளரும் ஊராரும் கரையில் கூடி நிற்க, பாலத்தை நெம்பித் தூக்கவேண்டியதாயிற்று. சேற்றிலும் குப்பையிலும் தட்டுத் தடுமாறி கிரெஸி அதனடியே சென்றது.

ஆனால் வெற்றி பெற்றோரிடையே பிணக்கு மூண்டது. ஒரு கால்வாயையும் விடலாகாது என்றார் எய்க்மன். பிழைக்கக்கூடியதை முதலிற் காக்க வேண்டும், அதிலே தொழில் செய்யும் மக்களை மறக்கலாகாது என்றார் ரோல்ட். 1951இல் ரோல்ட் தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். படகு வாழ்வையும் அவ்வாண்டே விட்டார். எய்க்மனின் பிடிவாதம் இல்லையேல் பல கால்வாய்கள் தூர்ந்திருக்கும் என்பதை ஒப்புகின்றேன். எனினும் என் நெஞ்சம் ரோல்ட் பக்கமே சாய்கின்றது.

ஏனெனில் கால்வாய்கள் பிழைத்தன, தொழிலாளர் பிழைக்கவில்லை. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, எஞ்சிய சரக்குப் போக்குவரத்தும் ஏறக்குறைய முடிந்தது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட கால்வாய்களை உலாவுக்கென வகுத்து, அவற்றைப் பேணும் கடமையை அரசு வாரியத்துக்கு விதித்தது. அதே சட்டம் அந்தப் பழைய பொது உரிமையை நீக்கியும் விட்டது. 2012 முதல் ஓர் அறக்கட்டளை பெரும்பாலான கால்வாய்களை நடத்தி வருகின்றது. 30,000க்கு மேற்பட்ட படகுகள் அவற்றில் உள்ளன.

அவையெல்லாம் விடுமுறைப் படகுகள் என்று எண்ண வேண்டா. லண்டனில் வீட்டு வாடகை கட்டுக்கு அடங்காமற் போகவே, பலர் மீண்டும் படகிலேயே குடியேறியுள்ளனர். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் பொதுவாகத் தங்கலாகாது என்கின்றது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய படகில் வளரும் பிள்ளையின் பெற்றோர், இரு வாரத்துக்கு ஒரு முறை கட்டுக்கயிற்றை அவிழ்க்கும்போது, அடுத்த துறையிலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை மைல் என்று கணக்கிட்டுப் பார்க்கின்றனர்.