அம்பாசிடருக்குள் டீசல் எஞ்சின்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசனில் வரும் கூட்டம் அருவியோடு நிற்பதில்லை. செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறிக் கேரளத்துக்கும் போகும். இத்தகைய வாடகை ஓட்டத்தில் தமிழ்நாடெங்கும் நெடுங்காலம் உழைத்தது அம்பாசிடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை தயாரானது அது.

அதன் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வாடகைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. டீசல் விலையோ அன்று பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு. 1980 வாக்கில் தயாரிப்பு நிறுவனமே டீசல் அம்பாசிடரை விற்றது; ஆனால் அதன் திறன் நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆள் நிறைந்த வண்டி மலையேற அது போதாது. எனவே பட்டறைகள் மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை நாடின. பின்னாளைய மேட்டடோரில் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைத்த எஞ்சின்.

அம்பாசிடரின் பின்சக்கர இயக்கம் இந்த எஞ்சின் மாற்றத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது. எஞ்சின் நீளவாட்டில் அமர்வதால் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றலாம். ஆயினும் நுணுக்கமான வேலை மிச்சம் இருக்கும்: தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டியோ நீட்டியோ சமன்படுத்த வேண்டும்; சமன் தவறினால் வண்டி முழுதும் அதிரும். கூடிய எடையைத் தாங்க முன்புற டார்ஷன் பாரை முறுக்கிவிட வேண்டும். பிரேக்கைக் கவனிக்காமல் விட்டால் மலை இறக்கத்தில் ஆபத்து.

1993 வாக்கில் இசுசு எஞ்சின் பொருத்திய அம்பாசிடர் ஆலையிலிருந்தே வந்தது. ஆனால் பட்டறையில் எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றிலும் திருத்தம் பெற வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு.