தாடி ஓணான் வளர்ப்பின் வரலாறு

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்த ஊர்வன. ஆங்கிலத்தில் 'பியர்டெட் டிராகன்' எனப்படுகிறது. தமிழ்நாட்டு வேலிகளில் தலையாட்டும் ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் தொண்டைத் தோலில் முள் போன்ற செதில்கள் உண்டு. மிரளும்போதும் சினக்கும்போதும் அத்தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக் காட்டும். அதுவே 'தாடி'. வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்னும் இனம். வாலோடு சேர்த்து அரை மீட்டருக்கும் சற்று மேல் வளரும்.

பெயரும் பயணமும்

ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல் 1926-ல் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1982-ல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிளென் ஸ்டோர் இதையும் இதன் நெருங்கிய உறவினங்களையும் போகோனா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார்.

ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை உயிருடன் வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆனாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவை ஏராளமாக விற்கப்படுகின்றன. 1970-களிலும் 80-களிலும் கடத்திச் செல்லப்பட்ட சில விலங்குகளின் வழித்தோன்றல்களே இவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கடத்தியவர்கள் பதிவேடு வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே எத்தனை விலங்குகள், எந்த நிலப்பகுதியிலிருந்து சென்றன என்பதற்குக் கணக்கில்லை. உலகின் மிகப் பிரபலமான செல்லப் பல்லிகளுள் ஒன்றின் குலவரலாறு இப்படித்தான் தொடங்குகிறது.

1993-ல் ஃபிலிப் த வோஸ்ஜோலியும் ராபர்ட் மையூவும் இவற்றின் பராமரிப்பு பற்றி எழுதிய கையேடு அமெரிக்காவில் வெளியானது. அதற்குள் இவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகத் தொடங்கிவிட்டன.

கூண்டும் வெளிச்சமும்

ஊர்வன வளர்ப்பின் தொடக்க காலத்தில் மீன் தொட்டியும் மஞ்சள் குமிழ் விளக்கும் போதும் என்றே பலர் எண்ணினர். வெப்பம் கிடைத்தது, ஆனால் குட்டிகளின் தாடையும் கால்களும் வளைந்தன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காது. ஜன்னலோரம் வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். உணவின் மேல் வைட்டமின் பொடி தூவுவதைவிட நாள்தோறும் சிறிது நேரம் இந்தக் கதிர் படுவது பன்மடங்கு பயன் தருகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புற ஊதா விளக்குகள் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின்பே இந்த வளர்ப்பு நிலைபெற்றது எனலாம்.

தாடி ஓணானுக்கு ஒரே சீரான வெப்பம் ஆகாது. கூண்டின் ஒரு முனையில் விளக்கின் கீழ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடும், மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டிய நிழலும் வேண்டும். இரண்டுக்கும் இடையே நடந்து தன் உடல் வெப்பத்தை அதுவே சீராக்கிக்கொள்ளும். காலையில் உடலைக் கறுப்பாக்கி வெயில் காய்வதும், சூடு மிகுந்தால் வாயைத் திறந்து வைப்பதும் இதன் பகுதி.

இரண்டு ஆண்களை ஒன்றாக அடைப்பது ஆபத்து. 1971-ல் பேயார்ட் பிராட்ஸ்ட்ராம் இதன் உறவினமான கிழக்குத் தாடி ஓணானின் சமூக நடத்தையை விரிவாகப் பதிவு செய்தார். பெரியது தலையை வேகமாக ஆட்டும். பணிந்து போவது முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். கையசைத்து வணக்கம் சொல்வதாக வளர்ப்போர் ரசிக்கும் அந்த அசைவு உண்மையில் 'நான் சண்டைக்கு வரவில்லை' என்பதற்கு அருகில் நிற்பது.

முட்டையும் தாயும்

குளிர்காலத்தில் இவை ஓய்வு கொள்ளும். வளர்ப்போர் சில வாரங்களுக்கு வெளிச்சத்தையும் சூட்டையும் குறைத்து அந்தப் பருவத்தை உண்டாக்குகின்றனர். பின்னர் பகல் நீளும்போது ஆணின் தாடி கறுக்கும். ஆண் தலையாட்டிப் பெண்ணைத் துரத்தி, கழுத்தைக் கவ்விப் புணரும். பெண் மண்ணைத் தோண்டி சுமார் 15 முதல் 30 முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டுச் சென்றுவிடும். குஞ்சுகளைப் பேணுவதில்லை. ஆணின் விந்தை உடலில் சேமித்து வைக்கும் திறன் இருப்பதால், ஒருமுறை இணைந்த பெண் அதே பருவத்தில் மீண்டும் மீண்டும் முட்டையிடக்கூடும். ஒவ்வொரு ஈட்டிலும் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு போகிறது. வணிக வளர்ப்பில் இதற்கு விலை கொடுப்பது தாய்தான்.

எடுத்த முட்டைகளை ஈரமான வெர்மிகுலைட்டில், இருந்த வாக்கிலேயே, புரட்டாமல் வைக்க வேண்டும். கோழி முட்டையைப் போலத் திருப்பினால் கரு இறந்துவிடலாம். 28 அல்லது 29 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பொரியும். நெருக்கமாக வைத்த குஞ்சுகள் ஒன்றன் வாலையும் விரலையும் மற்றொன்று கடித்துவிடும். வீட்டுப் பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு வால் திரும்ப முளைக்காது.

செதிலற்ற ஓணான்

சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் அரிய மரபு மாற்றங்கள் வெளிப்பட்டன. சந்தை அவற்றைத் தேர்ந்தெடுத்தது. முதுகுச் செதில்கள் சிறுத்து வழுவழுப்பான வகை 'லெதர்பேக்' எனப்பட்டது. இரண்டு லெதர்பேக்குகளை இணைத்தால் நான்கில் ஒரு பங்குக் குஞ்சுகள் செதிலே இல்லாத 'சில்க்பேக்' ஆகும். அதன் தோல் எளிதில் கிழியும், உலரும். தோல் உரிப்பதும் கடினம். பாலைவன விலங்கிடமிருந்து அதன் கவசத்தைப் பறித்து அதையே அழகு என்று விற்பது இந்த வரலாற்றின் இருண்ட பக்கம். ஆனால் இதே விலங்கு அறிவியலுக்கு ஒரு பெரிய விடையையும் தந்தது. 2016-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் நிக்கோலா டி-புவாவும் மிஷேல் மிலின்கோவிச்சும் செதிலின்மைக்கு 'ஈடிஏ' என்னும் மரபணுவின் மாற்றமே காரணம் எனக் கண்டனர். ஊர்வனவற்றின் செதில், பறவையின் இறகு, பாலூட்டியின் முடி ஆகிய மூன்றும் ஒரே மூதாதை அமைப்பிலிருந்து வந்தவை என்பதற்கு அது வலுவான சான்றானது.

வெப்பமும் பாலினமும்

தாடி ஓணானில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆனால் 2007-ல் கான்பெரா பல்கலைக்கழகக் குழு, அடைகாக்கும் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஆண் மரபணு கொண்ட முட்டைகளிலிருந்தும் பெண் குஞ்சுகள் வருவதைக் காட்டியது. இது அடைகாப்புப் பெட்டியில் மட்டும் நிகழ்வதா என்ற கேள்வி எழுந்தது. 2015-ல் கிளேர் ஹோலெலி தலைமையிலான ஆய்வு, காட்டில் பிடித்த 131 ஓணான்களுள் 11 அவ்வாறு பாலினம் மாறியவை எனக் கண்டது. அப்பெண்கள் இயல்பான ஆண்களோடு இணைந்தபோது பிறந்த குஞ்சுகளில் டபிள்யூ குரோமோசோமே இல்லை. ஒரே தலைமுறையில், பாலினத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு மரபிலிருந்து வெப்பத்துக்குக் கைமாறியது. பாலினம் மாறிய அந்தத் தாய்கள் இயல்பான தாய்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு முட்டைகளும் இட்டன.