பினாங்குத் தொழிற்பயிற்சியும் நிருவாகமும்

பினாங்குத் தீவின் பொருளியல் வரலாற்றில் 1969ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். ஜார்ஜ் டவுன் துறைமுகம் நெடுங்காலமாகப் பெற்றிருந்த சுங்கவரி விலக்கு அவ்வாண்டு நீக்கப்பட்டது. வாணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டிலேயே முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ, துறைமுகத்தை நம்பி இனி வாழ இயலாது என உணர்ந்தார். பினாங்கு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி முதலிய அயல்நாட்டு நிறுவனங்கள் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளை அமைத்தன. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலரும் பால்மரக் காட்டை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினர்.

தொடக்கத்தில் அங்கு வேண்டப்பட்டவை கூரிய கண்ணும் பொறுமையான கைகளுமே. உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய கம்பிகளை இணைக்கும் பணிக்குச் சின்னாள் பயிற்சி போதும். ஆனால் எண்பதுகளில் அவ்வேலையைப் பொறிகளே மேற்கொள்ளத் தொடங்கின. பொறியை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தோர் தேவைப்பட்டனர்; அத்தகையோரோ அரியர்.

அரசின் தொழிற்கல்விப் பள்ளிகள் இருந்தன அல்லவா எனின், இருந்தன. ஆங்குப் பயின்றோர் திறமையற்றவரும் அல்லர். கற்பித்தோர் கடமையில் தவறியவரும் அல்லர். பாடத்திட்டமும் கருவிகளும் தலைநகரில் முடிவு செய்யப்பட்டன. தொழிற்சாலையில் பொறி மாறும் வேகத்திற்கு அம்முறை ஈடுகொடுக்கவில்லை. நிறுவனங்கள் தாமே பயிற்றுவிக்கலாம் என்றால், அதிலும் ஓர் இடர். ஒரு நிறுவனம் செலவிட்டுப் பயிற்றிய தொழிலாளியை அடுத்த வேலிக்கு அப்பாலுள்ள நிறுவனம் சற்றுக் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும். பயிற்றியவனுக்கு நட்டம், பயிற்றாதவனுக்கு இலாபம் என்ற நிலையில் எவர்தாம் பயிற்றுவிக்க முன்வருவர்?

இச்சிக்கலுக்கு விடையாக 1989இல் எழுந்ததே பினாங்கு திறன் மேம்பாட்டு மையம். மாநில அரசு இடமளித்து ஊக்குவித்தது. ஆயினும் ஆளுகையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நிருவாக மன்றத்தை உறுப்பு நிறுவனங்களே தேர்ந்தெடுத்தன. அரசும் உயர்கல்வித் துறையும் உடனிருந்து துணை செய்தன. சந்தையில் ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும் நிறுவனங்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்தப் பயிற்சி தேவை, எது இனித் தேவையில்லை என்று முடிவு செய்தன. பயிற்சிக் கருவிகளை அவையே வழங்கின; அவற்றின் பொறியாளர்கள் வந்து கற்பித்தனர். அனைவரும் சேர்ந்து பயிற்றுவித்தமையால், ஆள் இழுக்கும் அச்சம் முற்றும் அகலாவிடினும் குறைந்தது.

பயிற்சியின் தரம் உயர்ந்ததற்குக் கருவிகளைவிட இந்நிருவாக முறையே பெருங்காரணம் எனலாம். கட்டணம் செலுத்தித் தம் தொழிலாளியை அனுப்பிய மேலாளர், அவர் திரும்பி வந்ததும் என்ன கற்றார் என்பதைப் பொறியின் முன்னிலையிலேயே கண்டுவிடுவார். குறையிருப்பின் அது மன்றத்திற்கு எட்டும், பாடம் மாறும். ஆண்டிறுதித் தேர்வு முடிவை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் நிருவாகத்திற்கு இவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. பள்ளி நிருவாகம் அறிந்தோர்க்கு இது புதிதன்று.

பின்னர் 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொழிலாளர் கொண்ட உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குச் செலுத்தலாயின. பயிற்சிக்கு அனுப்பினால் அந்நிதியிலிருந்து செலவை மீட்கலாம். அவ்வாண்டே சிலாங்கூரிலும் இதனையொத்த மையம் தோன்றியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன.

எனினும் இம்முறைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. நிறுவனங்கள் நடத்தும் மையம், அவற்றின் தொழிலாளரையே முதலில் எண்ணும்; அது இயல்பே. பள்ளி முடித்தோர்க்கும் பயிற்சிகள் பின்னர் வகுக்கப்பட்டன. ஆயினும், தொழிற்சாலை வாயிலைக் காணாத தோட்டத்து இளைஞனுக்காக அம்மேசையில் பேசுவதற்கு நிறுவனப் பேராளருக்கு என்ன கடமை இருந்தது? கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தடுமாறி ஐந்தாம் படிவத்தோடு நின்றவன், ஆங்கிலக் கையேடுகள் நிறைந்த அப்பயிற்சிக் கூடத்தில் நுழைவது எளிதாக இருந்திராது. அவனை அவ்வாயில் வரை கொண்டு சேர்க்கும் பணி எந்த நிருவாக மன்றத்தின் அட்டவணையிலும் இடம்பெறாமல், பள்ளி ஆசிரியர்களின் தோளிலேயே தங்கிவிட்டது.