திரைக்குப் பின் ஒரு கையொப்பம்

துப்பறியும் புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும் அவற்றுள் சில, வரலாற்றின் வாயிலொன்றைத் திறந்து வைக்கின்றன. சுஜாதா மாசி ஆங்கிலத்தில் எழுதி 2018-இல் வெளிவந்த ‘எ மர்டர் ஆன் மலபார் ஹில்’ அத்தகைய நூல். நம்மில் பலருக்கு வாழ்வளித்த பம்பாய் மாநகரே, 1921-ஆம் ஆண்டின் கோலத்தில், அதன் களம். அக்கதையையும் அதன் பின்னே நிற்கும் மெய் வரலாற்றையும் ஈண்டு ஒருசேர நோக்குவோம்.

கதைத்தலைவி பர்வீன் மிஸ்திரி, ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற பார்சிப் பெண். தந்தையாரின் சட்ட அலுவலகத்தில் பணிபுரிபவள். ஆவணங்களை ஆராயலாம், நீதிமன்றத்தில் எழுந்து வாதாட இயலாது. ஆலை முதலாளி ஒருவர் இறந்துபட, அவர்தம் மனைவியர் மூவர் மலபார் ஹில் மாளிகையில் கோஷா முறையில் வாழ்கின்றனர். மூவரும் தத்தம் உரிமைப்பொருள் முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்ததாகத் தாள்கள் வருகின்றன. ஒன்றில் கையொப்பம் இல்லை. பெருக்கல் குறி மட்டுமே உள்ளது. எழுதவறியாதவள் எதைப் படித்து இசைந்தாள்? இவ்வையமே பர்வீனை அம்மாளிகைக்கு இட்டுச்செல்கிறது. அங்கே கொலையும் நிகழ்கிறது. ஆக்ஸ்போர்டில் உடன்பயின்ற தோழி ஆலிஸ் துணைநிற்கிறாள். முடிவை நாம் உரைத்தல் முறையன்று, படிப்போர் கண்டுகொள்க.

இத்தலைவி வெறுங்கற்பனை அல்லள். 1866-இல் நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி, புனே டெக்கான் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற்பெண் பட்டதாரியானார். ஆக்ஸ்போர்டு சாமர்வில் கல்லூரியில் சேர்ந்து, 1892-இல் அதுவரை எப்பெண்ணும் எழுதியிராத சட்டத் தேர்வை எழுதினார். அதற்கும் நண்பர்கள் மன்றாடிச் சிறப்பு அனுமதி பெறவேண்டியிருந்தது. தேறியவருக்குப் பட்டம் கிடைத்ததோ 1922-இல்! முப்பதாண்டுகள் அப்பட்டம் காத்திருந்தது.

நாடு திரும்பிய அவர் கண்ட காட்சி யாது? கோஷாப் பெண்டிர் பலர் பெருஞ்செல்வத்துக்கு உரியவர்கள். ஆயினும் அயல் ஆடவராகிய வழக்கறிஞரை நேரிற் காணார். இடையில் நின்ற காரியக்காரர் சொன்னதே சொல். காட்டிய இடமே கையொப்பம். 1904-இல் சொராப்ஜி அரசின் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ துறையில் பெண் ஆலோசகராய் அமர்ந்து, வங்கம் முதலிய பகுதிகளில் இத்தகைய பெண்டிருக்காக உழைத்தார். அவர் விடுதலை இயக்கத்தை ஏற்காதவர் என்பதையும் மறைத்தல் வேண்டா. அவர் அரசியல் வேறு. அவர் ஆற்றிய தொண்டு வேறு.

இனி, சட்டத்தின் விந்தையைக் காண்போம். கோஷாப் பெண்ணின் ஆவணம் வழக்குக்கு வருமாயின், அதன் பொருளை அவள் நன்குணர்ந்து, தன் விருப்பத்தாலேயே ஒப்பமிட்டாள் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அவ்வாவணத்தால் பயன்பெறுவோரையே சாரும் என்று பிரிவி கவுன்சில் வகுத்திருந்தது. போற்றத்தக்க விதிதான். ஆனால், திரைக்குள் நுழைந்து அப்பொருளை விளக்கவல்ல பெண்ணுக்கு வழக்கறிஞர் உரிமையை நீதிமன்றங்கள் மறுத்தன. 1916-இல் ரெஜினா குகா என்னும் பட்டதாரி விண்ணப்பித்தபோது, 1879-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கருதியதன்று எனக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் தள்ளிற்று. பின்னர்ச் சுதான்ஷுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை. திரைக்குள் இருந்தவளின் கையொப்பத்தைக் காக்க முனைந்த நீதி, திரைக்கு வெளியே நின்று கற்றவளின் பெயரைத் தன் பதிவேட்டில் எழுத மறுத்தது. புதினத்தின் கொலையினும் பெரிய குற்றம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

1921-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொராப்ஜியைப் பதிவுசெய்து வழிகாட்டிற்று. 1923-ஆம் ஆண்டின் பெண் வழக்கறிஞர் சட்டம் நாடெங்கும் தடையை நீக்கியது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மித்தன் டாட்டா வழக்காடினார். பின்னாளில் இந்நகரின் ஷெரீப்பாகவும் விளங்கினார். திருவிதாங்கூரில் 1937-இல் முன்சீப்பான அன்னா சாண்டி, 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதியான பாத்திமா பீவி, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராயிருந்ததை நாம் அறிவோம்.

திரை அகன்றது, கையொப்பச் சிக்கல் அகன்றதா? ஊரைவிட்டு வந்து நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வினா புறம்பானதன்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. அதற்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. 2005-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அவ்விலக்கையும் நீக்கிற்று. எனினும், கோடை விடுமுறையில் ஊர்செல்லும் சகோதரியின் முன் விடுதலைப் பத்திரம் நீட்டப்படுவதும், ‘அண்ணன் சொல்கிறாரே’ என்று அவள் படியாமலே ஒப்பமிடுவதும் நாம் காணாதனவல்ல. மனமுவந்து விட்டுக்கொடுத்தல் பெருமை; அறியாமல் இழத்தல் பெருமையன்று.

பத்திரத்தை முழுதும் படித்த பின்னரே பேனாவை எடுக்கும் பழக்கத்தை நம் பெண்மக்களுக்குக் கற்பிப்போம். சொராப்ஜி அன்று திரைக்குள் சென்று ஆற்றிய பணி, இன்று நம் இல்லங்களில் தொடரவேண்டிய பணியேயாகும்.